1541 டிஸ்க்கைப் படிக்கவில்லை: சரிசெய்வதா, வேறு டிரைவ் வாங்குவதா, மெமரி கார்டுக்கு மாறுவதா?

எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டரான கமோடோர் 64 வைத்திருப்பவர்கள் பலரும் என்றாவது ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, நீலத் திரை வருகிறது, கீபோர்டு வேலை செய்கிறது. அதன் ஃப்ளாப்பி டிஸ்க்குகளைப் படிக்கும் 1541 டிரைவ் மட்டும் டடடட என்று தட்டிவிட்டு சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. 1982-இல் வந்த டிரைவ். நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லி விற்கப்படுபவைகூட நாற்பது வயதை நெருங்கியவை அல்லது தாண்டியவை.

இப்போது கைவசம் உள்ள வழிகள் ஐந்து. இருக்கிற டிரைவைச் சரிசெய்யலாம். அதே வகையில் வேறொன்று தேடி வாங்கலாம். எஸ்டி2ஐஇசி என்ற சின்னப் பலகையை மாட்டி மெமரி கார்டிலிருந்து நிரல்களை ஏற்றலாம். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடும் பை1541 மென்பொருளுக்கு மாறலாம். கொஞ்சம் அதிகம் செலவழிக்க மனமிருந்தால் 1541 அல்டிமேட் என்ற கார்ட்ரிட்ஜ் வாங்கலாம்.

பொதுவாக இந்த ஒப்பீட்டை விலையில் தொடங்குவார்கள். என்னைக் கேட்டால் விலை கடைசி. முதல் கேள்வி உங்கள் டிஸ்க்குகளைப் பற்றியது. அலமாரியில் இருப்பவை எல்லாம் இணையத்தில் கிடைக்கிற விளையாட்டுகள்தானா, இல்லை நீங்களோ உங்கள் வீட்டில் யாரோ அந்தக் காலத்தில் எழுதிய நிரலும் கடிதமும் அவற்றில் இருக்கிறதா? முதல் வகை என்றால் டிரைவை மூட்டை கட்டிவைத்துவிட்டு கார்டுக்குப் போகலாம், ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டாம் வகை என்றால், அந்த டிஸ்க்குகளின் நகலை எடுத்து முடிக்கும்வரை டிரைவில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

டிரைவ் அல்ல, இன்னொரு கம்ப்யூட்டர்

ஐபிஎம் வகை கம்ப்யூட்டரின் ஃப்ளாப்பி டிரைவ் சொன்னதைச் செய்யும் வெறும் இயந்திரம். மோட்டாரைச் சுற்று என்றால் சுற்றும், டிஸ்க்கைப் படிக்கும் ஹெட்டை நகர்த்து என்றால் நகர்த்தும். 1541 அப்படியல்ல. அதனுள் சொந்தமாக ஒரு 6502 பிராசசர், 2 கிலோபைட் ராம், 16 கிலோபைட் நிலையான நினைவகம் அதாவது ரோம், வெளியே பேசும் வேலைக்கு இரண்டு 6522 சிப்புகள் எல்லாம் உண்டு. டிஸ்க் இயக்க முறைமையே டிரைவுக்குள்தான் ஓடுகிறது. கமோடோர் 64 ஆறு முள் கொண்ட சீரியல் கேபிள் வழியாக "இந்தக் கோப்பைக் கொடு" என்று கேட்கும். டிஸ்க்கின் எந்த வட்டத் தடத்தில், தடத்தின் எந்தத் துண்டில் (செக்டாரில்) இருக்கிறது என்று தேடுவது டிரைவின் பாடு.

இவ்வளவு மூளை இருந்தும் வேகம் மட்டும் ஆமை. நொடிக்குச் சுமார் 400 பைட் என்றால் 50 கிலோபைட் விளையாட்டு ஏற இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கமோடோர் 64-க்கு முந்தைய கம்ப்யூட்டரான விக்-20 காலத்தில் பிட்டுகளை வரிசையாக அனுப்பும் வேலையை 6522 சிப்பே பார்த்துக்கொள்வதாகத் திட்டம். அந்தச் சிப்பின் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் பிழை இருந்ததால், வேலையை மென்பொருள் ஒவ்வொரு பிட்டாகச் செய்யும்படி மாற்றினார்கள். அடுத்து வந்த கமோடோர் 64-இலோ திரைக்கான சிப்பு அவ்வப்போது பிராசசரை நிறுத்திவைக்கும். அதற்கு ஈடுகொடுக்க வேகம் இன்னும் குறைக்கப்பட்டது.

இந்த மந்தத்தைத் தாண்டத்தான் விளையாட்டு எழுதியவர்கள் தந்திரம் செய்தார்கள். டிரைவின் 2 கிலோபைட் ராமுக்குள் தங்கள் சொந்த நிரலை இறக்கி, டிரைவின் பிராசசரை வைத்தே வேகமாகப் பேசவைத்தார்கள். காப்பி தடுப்பு முறைகள் பலவும் இதே வழியில்தான் வேலை செய்தன. மாற்றுக் கருவிகளுக்கு இடையேயான வித்தியாசம் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது: டிரைவுக்குள் ஓடும் நிரலை அவை ஓட்டுமா, ஓட்டாதா?

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு மாலைப் பொழுதைச் செலவழியுங்கள். டிரைவின் தலையில் கட்டப்படும் பழியில் ஒரு பங்கு கேபிளுக்கும் பூசணம் பிடித்த டிஸ்க்குக்கும் சேர வேண்டியது.

டிரைவை மட்டும் ஆன் செய்யுங்கள், டிஸ்க் வேண்டாம். பச்சை விளக்கு எரிய வேண்டும். சிவப்பு விளக்கும் மோட்டாரும் ஒரு நொடிபோல ஓடி நிற்க வேண்டும். இப்படி நடந்தால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்று பொருள். சிவப்பு விளக்கு அணையாமல் மோட்டாரும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிராசசர், ரோம், ராம், 6522 இவற்றில் ஏதோ ஒன்று மண்டையைப் போட்டிருக்கிறது, அல்லது 5 வோல்ட் சரியாக வரவில்லை. சிவப்பு விளக்கு ஒரு கணக்கோடு சிமிட்டி, இடைவெளி விட்டு, மறுபடி அதே கணக்கில் சிமிட்டினால் அது சுய சோதனையில் தோற்ற நினைவக சிப்பைக் காட்டிக்கொடுக்கிறது. எந்த விளக்குமே எரியவில்லை என்றால் ஃப்யூஸ்.

அடுத்து கேபிள். இன்னொரு கேபிள் கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கமும் அணைந்திருக்க வேண்டும். ஆனில் இருக்கும்போது கேபிளைப் பிடுங்கி மாட்டும் பழக்கத்தால் போன சிப்புகள் ஏராளம். டிரைவ் பக்கம் 7406 என்ற மலிவான ஐசியும், கம்ப்யூட்டர் பக்கம் சீரியல் இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் இரண்டாவது 6526 சிப்பும் இதில் அடிபடும். "கருவி இல்லை" என்ற பிழைச் செய்தி வந்துகொண்டே இருந்து, சுய சோதனையிலும் டிரைவ் தேறினால், சந்தேகம் இந்த ஐசிகள் மேலும் கேபிள் மேலும்தான் விழ வேண்டும். ஹெட்டைத் துடைத்து ஒரு பயனும் இல்லை.

டிரைவ் பேசுகிறது, ஆனால் படிக்கவில்லை என்றால் அதையே கேட்டுவிடலாம். 15-ஆம் வழித்தடத்தைத் திறந்து பிழை எண்ணை வாங்கும் இரண்டு வரி பேசிக் நிரல் பழைய கையேடுகளில் எல்லாம் இருக்கிறது. நிரலாகத்தான் எழுத வேண்டும், நேரடியாகத் தட்டினால் ஏற்காது. ஆன் செய்தவுடன் 73 வந்தால் அது பிழை அல்ல, டிரைவ் சொல்லும் வணக்கம். 74 என்றால் டிஸ்க்கே இல்லை என்று நினைக்கிறது. 21 என்றால் ஒத்திசைவுக் குறியையே காணவில்லை: ஃபார்மட் ஆகாத டிஸ்க், அழுக்கேறிய ஹெட் அல்லது செத்த ஹெட். 20-உம் 27-உம் செக்டாரின் தலைப்பில் சிக்கல், 23 உள்ளே இருக்கும் தரவில் சிக்கல். 26 வந்தால் எழுதத் தடை இருப்பதாக நினைக்கிறது. டிஸ்க்கின் ஓரத்தில் வெட்டு இருந்தும் 26 வந்தால் அந்த ஒளி உணரியில் தூசி படிந்திருக்கும்.

இனி மிகப் பயனுள்ள சோதனை. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு காலி டிஸ்க்கை இதே டிரைவில் ஃபார்மட் செய்து, ஏதாவது எழுதி, திரும்பப் படியுங்கள். தான் எழுதியதைத் தானே நன்றாகப் படிக்கிறது, மற்ற டிஸ்க்குகளை மட்டும் படிக்கத் திணறுகிறது என்றால் ஹெட் நல்ல நிலையில்தான் இருக்கிறது. அது நிற்க வேண்டிய இடம் நகர்ந்துவிட்டது. தான் எழுதியதையும் படிக்கவில்லை என்றால் ஹெட், அழுத்தும் பட்டை, சுழல் வேகம் அல்லது மின்னணுப் பகுதி.

காலி டிஸ்க் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. 5.25 அங்குலத்தில் 1.2 மெகாபைட் உயர் அடர்த்தி டிஸ்க்குகள்தான் பழைய சரக்கில் அதிகம் கிடைக்கும். அவற்றின் காந்தப் பூச்சு வேறு வகை, எழுத வலுவான காந்தப்புலம் கேட்கும். 1541-இல் அவை ஃபார்மட் ஆனதுபோல் காட்டி அப்புறம் கைவிடும். இரட்டை அடர்த்தி டிஸ்க்தான் வேண்டும். தவறான டிஸ்க்கை வைத்துச் சோதித்துவிட்டு நல்ல டிரைவைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு தடயமும் உண்டு. 1541-இல் மொத்தம் 35 தடங்கள், டிஸ்க்கின் அட்டவணை நடுவில் 18-ஆம் தடத்தில் இருக்கும். அட்டவணை ஒழுங்காக வருகிறது, ஆனால் சில கோப்புகள் மட்டும் ஏற மறுக்கின்றன என்றால் ஹெட் ஓடும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் கெட்டியாகி இருக்கலாம். நடுவில் சுலபமாக வந்து நிற்கும் ஹெட், ஓரங்களுக்குப் போகும்போது இழுத்துக்கொண்டு ஓர் அரைத் தடம் பின்தங்கும்.

சரிசெய்வது: எது வரை லாபம்?

அழுக்கு, கிரீஸ், பெல்ட், மின்சாரம் இந்த நான்குக்குள் கோளாறு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்யலாம். ஹெட் கீழே இருக்கிறது, மேலே டிஸ்க்கை அதன்மேல் அழுத்தும் ஒரு சின்ன ஃபெல்ட் பட்டை. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடையுங்கள். பட்டை இருக்கும் கையை ரொம்ப உயரத் தூக்காதீர்கள், ஸ்பிரிங் வளைந்தால் அழுத்தம் போய்விடும். பட்டை கழன்று விழுந்திருந்தால் அதே கனத்தில் ஃபெல்ட் வெட்டி ஒட்டலாம். தண்டவாளத்தில் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு தையல் மிஷின் ஆயில் ஒரு சொட்டு போதும்.

பூசணம் படிந்த டிஸ்க்கைப் போடவே போடாதீர்கள். ஈரக் காற்றடிக்கும் ஊர்களில் உறையின் நடுத் துளை வழியாகப் பார்த்தாலே வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதை ஒருமுறை ஓட்டினால் ஹெட்டில் அப்பிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கைக் கீறிவிடும். ஒரே நாளில் வரிசையாகப் பல டிஸ்க்குகள் "கெட்டுப்போனால்" குற்றவாளி பெரும்பாலும் முதலில் போட்டதுதான்.

சுழல் வேகம் நிமிடத்துக்கு 300 சுற்று. டிரைவின் அடிச்சக்கரத்தில் 50, 60 ஹெர்ட்ஸுக்கான கோட்டு வளையங்கள் இருக்கும். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் வளையத்தைப் பார்க்க வேண்டும். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி. எல்இடி விளக்கில் இந்த வித்தை பல நேரம் பலிக்காது. அப்போது வேகம் அளக்கும் நிரலை ஓட்டிப் பாருங்கள். வேகம் நிலையாக இல்லாமல் ஏறி இறங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. நிலையாக இருந்து எண் மட்டும் தவறு என்றால் மோட்டார் பலகையில் உள்ள சின்னத் திருகைத் திருப்பினால் போதும்.

மின்சாரப் பகுதி பழைய 1541-இன் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, நன்றாகச் சூடாகும். மல்டிமீட்டரில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வருகிறதா என்று பாருங்கள். 12 குறைந்தால் மோட்டார் திணறும், 5 குறைந்தால் மூளை திணறும். ரெகுலேட்டர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், பெரிய கெபாசிட்டர் எல்லாமே இன்றும் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற சாதாரணச் சாமான்கள்தான். 6502-உம் 6522-உம் பழைய சரக்கில் தேடினால் கிடைக்கும். பல பலகைகளில் இவை சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். வாங்குவதற்கு முன் ஒருமுறை கழற்றி மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள். அதிலேயே உயிர் வந்துவிடுவதும் உண்டு.

இனி அந்த டடடட சத்தம். 1541-இல் ஹெட் முதல் தடத்தில் இருக்கிறதா என்று சொல்லும் உணரி கிடையாது. அதனால் ஃபார்மட் செய்யும்போதும், படிக்க முடியாமல் மறுமுறை முயலும்போதும், ஹெட்டை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய்த் தடுப்பில் முட்டவைத்து "இதுதான் தொடக்கம்" என்று தீர்மானிக்கிறது. காப்பி தடுப்புக்காக வேண்டுமென்றே பிழை எழுதப்பட்ட விளையாட்டு டிஸ்க்குகள் இந்த முட்டலை ஒவ்வொரு முறையும் தூண்டின. உள்ளே வெப்பம் வேறு. ஸ்டெப்பர் மோட்டாரின் தண்டில் அழுத்திச் செருகப்பட்ட சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, ஹெட் தடத்தைவிட்டு விலகிவிடும். எண்பதுகளிலேயே இது பேர்போன நோய். சக்கரத்தைத் துளையிட்டு ஊசி அடித்து நிறுத்துவது அன்றைய வைத்தியம்.

இதைச் சரிசெய்யலாம். மோட்டாரின் இரண்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, நம்பகமான ஒரு டிஸ்க்கை ஓடவிட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பிழை இல்லாத இடத்தில் இறுக்க வேண்டும். பொறுமை இருந்தால் போதும். ஆனால் விலகிய டிரைவில் எழுதிய டிஸ்க், எழுதியவருக்கு மட்டுமே புரிகிற டாக்டர் கையெழுத்து மாதிரி. அதை அந்த டிரைவ் மட்டும்தான் படிக்கும். ஹெட்டை "சரியான" இடத்துக்கு நகர்த்திய அடுத்த நிமிடம், அந்த விலகலில் எழுதிய உங்கள் சொந்த டிஸ்க்குகள் எல்லாம் படிக்க முடியாதவை ஆகிவிடலாம். முதல் பகுதியில் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள் என்றது இதனால்தான். தன் டிஸ்க்கைத் தானே படிக்கும் டிரைவை முதலில் அப்படியே பயன்படுத்தி எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு, அப்புறம் கைவையுங்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் சரிசெய்யச் சொல்ல மாட்டேன்: ஹெட் சுருள் அறுந்த டிரைவ். 1541-க்குள் முக்கியமாக இரண்டு தயாரிப்பாளர்களின் இயந்திரங்கள் உண்டு. முன்பக்கக் கதவை அழுத்தி மூடும் வகை ஆல்ப்ஸ். நெம்புகோலைத் திருப்பி மூடும் வகை நியூட்ரானிக்ஸ். நியூட்ரானிக்ஸ் ஹெட்டுகள் காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும் என்ற கெட்ட பெயர் வாங்கியவை. மல்டிமீட்டரில் சுருள் திறந்திருப்பதாகக் காட்டினால் அந்தப் பகுதியில் செய்ய ஒன்றுமில்லை. இன்னொரு டிரைவிலிருந்து இயந்திரப் பகுதியை எடுத்துத்தான் பொருத்த வேண்டும்.

இன்னொரு டிரைவ் வாங்குவது

வாங்குவதாக இருந்தால் 1541-2 பாருங்கள். 1988-இல் வந்தது. சின்னப் பெட்டி, மின்சாரம் வெளி அடாப்டரில், அதனால் உள்ளே சூடு குறைவு, கருவி எண்ணை மாற்றப் பின்னால் ஸ்விட்சுகள். அடாப்டர் போனாலும் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தரும் புதிய ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். பழைய 1541-ஐ அமெரிக்காவிலிருந்து வாங்கினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை அங்கேயே முடிந்தது. பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ விற்பவரிடம் வாங்குவது நல்லது. 1571-உம் கமோடோர் 64-இல் ஒத்துழைக்கும், விலைதான் கூடுதல்.

ஆனால் "சோதிக்கப்படவில்லை" என்று எழுதி விற்கும் டிரைவை வாங்குவது, உங்களிடம் இருக்கும் அதே பிரச்சினையின் இன்னொரு பிரதியைக் கப்பல் கட்டணம் கொடுத்து வாங்குவது. உதிரிப்பாகத்துக்கு என்றால் மட்டும் சரி.

கார்டு வழிகள்

எஸ்டி2ஐஇசி மூன்றில் மலிவு, மூன்றில் சிறியது. ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு கார்டு துளை, இரண்டு பொத்தான். 5 வோல்ட்டைப் பெரும்பாலும் கேசட் போர்ட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். டிஸ்க்கின் முழு நகலான டி64 கோப்பை உள்ளே போட்டால் டிஸ்க் போல நடந்துகொள்ளும். 683 தொகுதி, ஒவ்வொன்றும் 256 பைட், மொத்தம் 1,74,848 பைட். ஒரு வாழ்நாள் சேகரிப்பு முழுவதும் கையளவு கார்டின் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

இதன் எல்லை என்னவென்றால் இதற்குள் 6502 இல்லை. டிரைவுக்குள் நிரலை இறக்கி ஓட்டும் விளையாட்டு வந்தால், இது அந்த நிரலை ஓட்டாது. இன்ன வேக ஏற்றி என்று அடையாளம் கண்டு, அதற்குத் தெரிந்த மாற்று வேலையைச் செய்து சமாளிக்கும். ஜிஃபிடாஸ், ஜியோஸ் போன்ற பரவலானவை இதற்குத் தெரியும். தெரியாதது வந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும். ஒற்றைக் கோப்பாக மாற்றப்பட்ட விளையாட்டுகள், பேசிக் நிரல்கள், சொந்த வேலைகள் இவற்றுக்கு இது தாராளம். அசல் டிஸ்க்கின் நகலும், கம்ப்யூட்டரின் திறமையைக் காட்ட எழுதப்பட்ட டெமோக்களும்தான் உங்கள் ஆர்வம் என்றால் நாலில் ஒன்றோ பத்தில் ஒன்றோ ஏதோ ஒரு இடத்தில் ஏமாற்றும், எது என்று முன்கூட்டித் தெரியாது. அந்த நிச்சயமின்மைதான் எனக்குப் பிடிக்காதது. விளையாட்டு நின்றால் கோளாறு கம்ப்யூட்டரிலா, நகலிலா, பலகையிலா என்று மறுபடி துப்பறிய வேண்டும். இங்கே நாம் வந்ததே அந்தத் துப்பறியும் வேலையிலிருந்து தப்பிக்கத்தான்.

பை1541 இந்தக் குறையை நேரடியாகத் தீர்க்கிறது. ஸ்டீவ் வைட் எழுதிய இந்த மென்பொருள் ராஸ்பெர்ரி பையில் லினக்ஸ் எதுவும் இல்லாமல் நேரடியாக ஓடி, 1541-இன் பிராசசரையும் இரண்டு 6522 சிப்புகளையும் துடிப்புக்குத் துடிப்பு அப்படியே நடிக்கிறது. அதனால் டிரைவுக்குள் என்ன நிரலை இறக்கினாலும் ஓடும். டி64 மட்டுமல்லாமல், தடங்களின் மூல வடிவத்தையே வைத்திருக்கும் ஜி64 கோப்பையும் ஏற்கும், ஆகவே காப்பி தடுப்போடு கூடிய அசல்களும் ஏறும். பை 3 வகைப் பலகை, அதன்மேல் சீரியல் கேபிளுக்கான ஒரு சின்ன இணைப்புப் பலகை, வேண்டுமானால் ஒரு குட்டித் திரை. பை இங்கேயே வாங்கலாம். இணைப்புப் பலகையைச் சால்டர் பிடிக்கத் தெரிந்தவர் தாமே செய்துகொள்ளலாம். 1541-இன் ரோம் நகல் மட்டும் நீங்கள்தான் போட வேண்டும்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பைக்குத் தனி அடாப்டர் கொடுங்கள், கேசட் போர்ட்டிலிருந்து இழுக்காதீர்கள். கமோடோர் 64-இன் பழைய மின்சாரப் பெட்டிக்கு அந்தச் சுமை ஆகாது. (அந்தப் பெட்டியே தனி ஆபத்து. அதன் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் ஏறி ராம் சிப்புகளைப் பொசுக்கிவிடும். டிரைவைப் பற்றிக் கவலைப்படும் முன் அதை மாற்றிவிட்டீர்களா?) அடுத்தது, விளையாட்டின் நிலையைச் சேமித்தால், எமுலேஷனிலிருந்து வெளியேறிக் கோப்புப் பட்டியலுக்கு வந்தபின் அணைப்பது பாதுகாப்பு. நிஜ டிஸ்க்கைப்போல எழுதிய கையோடு பொத்தானை அமுக்கிவிட்டால் சேமித்தது கார்டில் இல்லாமல் போகலாம்.

1541 அல்டிமேட் நெதர்லாந்தைச் சேர்ந்த கிடியோன் ஸ்வைட்செர் வடிவமைத்தது. எஃப்பிஜிஏ என்ற, உள்ளமைப்பை நாமே வகுத்துக்கொள்ளக்கூடிய சிப்பில் 1541-ஐ வன்பொருளாகவே மறுபடி கட்டியிருக்கிறது, கார்ட்ரிட்ஜ் துளையில் செருக வேண்டும். இரண்டு டிரைவ், நினைவக விரிவாக்கம், ஆக்‌ஷன் ரீப்ளே போன்ற கார்ட்ரிட்ஜ்கள் எல்லாம் ஒரே பெட்டியில். துல்லியத்தில் குறை சொல்ல இடமில்லை. டிரைவ் போனதற்கு மாற்று என்று மட்டும் பார்த்தால், தேவைக்கு மேல் பலமடங்கு வாங்குகிறீர்கள். சுங்கவரியும் சேர்த்தால் கமோடோர் 64-ஐவிட அதிகமாகவே ஆகலாம். கார்ட்ரிட்ஜ்களும் நினைவக விரிவாக்கமும் எப்படியும் வேண்டும் என்பவருக்குக் கணக்கு வேறு, அவர் வாங்கட்டும்.

ஆக, டிரைவுக்குப் பதில் ஒன்றே ஒன்று என்றால் பை1541. சின்னப் பட்ஜெட், பேசிக் நிரல் எழுதிப் பார்க்கும் ஆசை மட்டும் என்றால் எஸ்டி2ஐஇசி. ஆல்ப்ஸ் டிரைவும் சாதாரணக் கோளாறும் என்றால் சரிசெய்வது. நியூட்ரானிக்ஸும் அறுந்த ஹெட்டும் என்றால் விட்டுவிடுவது.

டிஸ்க்கில் இருப்பதை வெளியே எடுக்க

மேலே சொன்ன மூன்று கார்டுக் கருவிகளில் எதுவும் உங்கள் பழைய டிஸ்க்கைப் படிக்காது. அது ஒரு நிஜ டிரைவின் வேலை.

1541 தள்ளாடியாவது படிக்கிறது என்றால் ஜூம்ஃப்ளாப்பி என்ற யுஎஸ்பி பலகை எளிய வழி. ஒரு பக்கம் லேப்டாப், மறுபக்கம் 1541-இன் சீரியல் கேபிள். ஓப்பன்சிபிஎம் மென்பொருள் டிஸ்க்கை டி64 கோப்பாக இறக்கித் தரும். ஹெட் விலகிய டிரைவுக்கும் அது எழுதிய டிஸ்க்குகளுக்கும் இதுதான் பொருத்தமான ஜோடி.

1541 சுத்தமாகப் படுத்துவிட்டது என்றால் கிரீஸ்வீசில் என்ற பலகையோடு ஐபிஎம் வகை 5.25 அங்குல டிரைவ் ஒன்றை மாட்டலாம். அது தரவைப் புரிந்துகொள்ள முயலாமல், காந்த மாற்றங்களின் நேரத்தை அப்படியே பதிவு செய்யும். அந்தப் பதிவை மென்பொருள் பிறகு பிரித்துப் படிக்கும். கமோடோரின் குறிமுறை வேறு என்பது இங்கே ஒரு தடையே இல்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் டிஸ்க்கின் ஓரத்தில் இன்னொரு வெட்டு போட்டு, திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் பயன்படுத்துவது எல்லோருடைய வழக்கம். 1541 டிஸ்க்கின் அடையாளத் துளையைக் கண்டுகொள்வதே இல்லை, அதனால் பிரச்சினை வரவில்லை. ஐபிஎம் வகை டிரைவ் அந்தத் துளையை எதிர்பார்க்கும். திருப்பிப் போட்ட டிஸ்க்கில் துளை இடம் மாறியிருப்பதால் பல டிரைவ்கள் டிஸ்க்கே சுற்றவில்லை என்று நினைத்து நின்றுவிடும். இதற்காக மாற்றியமைத்த டிரைவ் தேவைப்படும். சேகரிப்பில் இரண்டு பக்க டிஸ்க்குகள் அதிகம் என்றால் 1541-ஐ உயிர்ப்பிப்பதே குறைந்த தலைவலி.

நகல் எடுத்து முடித்தபின் இரண்டையும் வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. சீரியல் இணைப்பு சங்கிலிபோல ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும். பை1541-ஐ எட்டாம் எண்ணாகவும் பழைய டிரைவை ஒன்பதாம் எண்ணாகவும் வைத்தால், டிஸ்க்கிலிருந்து கார்டுக்குக் கோப்புகளை கமோடோர் 64-இலிருந்தே மாற்றலாம். 1541-2-இல் எண்ணை மாற்ற ஸ்விட்ச் உண்டு. பழைய 1541-இல் பலகையில் உள்ள ஓர் இணைப்பை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை ஆன் செய்ததும் ஒரு கட்டளை அனுப்பி மாற்றிக்கொள்ள வேண்டும். எப்போதாவது மட்டுமே பயன்படுத்துபவர் பலகையை வெட்டாமல் கட்டளையோடு நிறுத்திக்கொள்ளலாம். சங்கிலியில் மாட்டியிருக்கும் எல்லாம் ஆனில் இருக்கட்டும். அணைந்து கிடக்கும் டிரைவ் மற்றவற்றின் பேச்சையும் குழப்பிவிடலாம்.